நட்சத்திரம் பேசினால் செய்தி யாரைப் பற்றியது? பெண்கள் மீதான வன்முறையும் ஊடகமும்

கார்த்திகைப்பூ எழுதியது:

2018 ஜனவரி 7 அன்று நடந்த ஹாலிவுட்டின் கோல்டன் குளோப் விருது விழா நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பாலியல் அத்துமீறலுக்கு எதிராக நடிகைகள் கறுப்பு உடையில் வந்த விழா அது. அன்று எட்டு நடிகைகள் ஆளுக்கொரு செயற்பாட்டாளரையும் அழைத்து வந்தார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மிஷெல் வில்லியம்ஸுடன் வந்தவர், 'மீ டூ' ('நானும்தான்') இயக்கத்தைத் தொடங்கிய தரானா பர்க். மெரில் ஸ்ட்ரீப்புடன் வந்தவர், வீட்டு வேலை செய்யும் பெண்களை ஒன்றுதிரட்டிய ஐ-ஜென் பூ. லாரா டெர்னுடன் வந்தவர், பண்ணைகளில் கூலி வேலை செய்யும் பெண்களுக்காகப் போராடும் மோனிகா ராமிரெஸ். ஏமி போலருடன் வந்த சாரு ஜெயராமன் உணவக ஊழியர்களின் கூலிக்காகப் போராடுபவர்.

அந்த நடிகைகள் செய்ததை நான் மதிக்கிறேன். தங்கள்மீது விழும் வெளிச்சத்தில் பாதியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் மறுநாள் நான் பார்த்த பக்கங்களில் எல்லாம் உடைகளே நிறைந்திருந்தன. பண்ணையில் மேற்பார்வையாளனின் கை தன்மீது படுவதைச் சகித்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றி ராமிரெஸ் என்ன சொன்னார் என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

எனக்கு இருக்கும் கேள்வி இதுதான். பிரபலம் ஒருவர் பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிப் பேசும்போது ஊடகம் அந்த வன்முறையைக் காட்டுகிறதா, அந்தப் பிரபலத்தைக் காட்டுகிறதா? தவறு பிரபலத்துடையதா, கேமராவைப் பிடித்திருப்பவருடையதா? பொறுமையாகப் பேசுவோம்.

நெடுவழி எழுதியது:

பிரபலங்களைக் குறை சொல்வது எளிது. கணக்கைப் பாருங்கள். தரானா பர்க் 'மீ டூ' என்ற சொல்லோடு வேலையைத் தொடங்கியது 2006இல். ஏழைக் கறுப்பினச் சிறுமிகளோடு, பாலியல் கொடுமையிலிருந்து மீண்டவர்களோடு பதினொரு ஆண்டுகள் உழைத்தார். எத்தனை பத்திரிகைகள் அவரைத் தேடி வந்தன? 2017 அக்டோபர் 5 அன்று நியூயார்க் டைம்ஸ், ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் பாலியல் அத்துமீறல்கள் பற்றிய புலனாய்வை வெளியிட்டது. பத்து நாள் கழித்து நடிகை அலிஸா மிலானோ ட்விட்டரில் அதே இரண்டு சொற்களை எழுதினார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 80க்கும் மேற்பட்ட பெண்கள் வைன்ஸ்டீன் மீது புகார் சொன்னார்கள். அவர்களில் பலர் உலகறிந்த நடிகைகள். அவர்களுக்கே அத்தனை ஆண்டுகள் வாய் திறக்க முடியவில்லை என்றால் மற்றவர்கள் நிலை என்ன என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

புகழ் உள்ளவர் பேசாவிட்டால் கதவே திறக்காது. திறந்த பிறகு உள்ளே யார் நுழைகிறார்கள் என்பது அடுத்த சண்டை.

கார்த்திகைப்பூ எழுதியது:

நெடுவழி, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அந்த 2017ஆம் ஆண்டு டைம் இதழின் 'ஆண்டின் சிறந்த மனிதர்' அட்டையை எடுத்துப் பாருங்கள். மௌனத்தைக் கலைத்த பெண்கள் என்று போட்டார்கள். ஆஷ்லி ஜட், டெய்லர் ஸ்விஃப்ட், ஊபர் நிறுவனத்தில் நடந்ததை எழுதிய சூசன் ஃபௌலர், அரசியல் தொடர்பாளரான அடாமா இவு, புனைபெயரோடு வந்த ஒரு பண்ணைத் தொழிலாளி என ஐந்து முகங்கள். பதினொரு ஆண்டு உழைத்த தரானா பர்க் அட்டையில் இல்லை, உள்பக்கங்களில் இருந்தார்.

அட்டையின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும். உடம்பும் முகமும் படத்துக்கு வெளியே. மருத்துவமனையில் வேலை செய்த ஒரு பெண் அவர். முகம் காட்டினால் வேலையும் வாழ்க்கையும் என்னாகும் என்ற பயம். பெயர் சொல்ல முடியாத எல்லோருக்காகவும் அந்த முழங்கையை வைத்தார்கள். நான் பார்த்த ஊடகப் படங்களிலேயே நேர்மையானது அதுதான். பேச முடியாதவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்தப் பெண்ணை அம்பலப்படுத்தாமலே சொல்லிவிட்டார்கள்.

மெய்ப்புத்தாள் எழுதியது:

நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தவன் நான். எந்த நாளிதழ் என்பது இங்கே தேவையில்லை. கார்த்திகைப்பூ சொன்ன முழங்கைக்கு நேர்மாறானது எங்கள் மேசையில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார் என்று இரவு செய்தி வரும். பெயரைப் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், போட மாட்டார்கள். ஆனால் நிருபர் அனுப்பிய பிரதியில் பள்ளியின் பெயர் இருக்கும். தந்தை என்ன தொழில் செய்கிறார், எந்தத் தெரு, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கோயில் என்பதெல்லாம் இருக்கும். படத்தில் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருப்பார்கள். சீருடையின் நிறமும் ரிப்பனும் அப்படியே தெரியும். அந்த ஊரில் யாருக்கு அடையாளம் தெரியாமல் போகும்? இந்த வரிகளை வெட்டச் சொல்லி இரவு பதினொரு மணிக்குச் சண்டை போட்டிருக்கிறேன். "வெட்டினால் செய்தியில் என்ன மிச்சம்?" என்று கேட்பார்கள். மிச்சம் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் யார், புகார் கொடுத்து எத்தனை நாள் கழித்து வழக்குப் பதிந்தார்கள், மருத்துவப் பரிசோதனை எப்போது நடந்தது, குழந்தைகள் நலக் குழுவிடம் தகவல் போனதா. இவற்றைக் கேட்டு வாங்க உழைப்பு வேண்டும். தெருவின் பெயரை எழுத உழைப்பு தேவையில்லை.

பிரபலம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அப்படி ஒரு செய்தி வந்த மறுநாள் திரைக்கலைஞர் ஒருவர் கண்டன அறிக்கை விட்டால், தொடர் செய்தியின் தலைப்பு அவருடையதாகிவிடும். வழக்கின் அடுத்த கட்டம் உள்பக்கத்துக்குப் போகும். பிறகு யார் அறிக்கை விட்டார், யார் விடவில்லை என்பதே மூன்று நாள் செய்தி. நிருபரும் காவல் நிலையத்துக்குப் போவதற்குப் பதிலாக நடிகர்களுக்கு போன் செய்துகொண்டிருப்பார்.

கறுப்பங்கி எழுதியது:

வழக்குரைஞர் என்ற முறையில் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவின்படி குற்றம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 72ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். மெய்ப்புத்தாள் ஐயா சொன்ன பள்ளி, தெரு, சீருடை எல்லாம் இதற்குள் அடங்கும். 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெயர் மட்டுமல்ல, அடையாளம் காண உதவும் எந்தத் தகவலையும் வெளியிடக்கூடாது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் இது பொருந்தும்.

அதே ஆண்டு ஏப்ரலில், ஜம்முவின் கதுவாவில் ஒரு சிறுமி வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில், அந்தச் சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடக நிறுவனங்களை டெல்லி உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த வைத்தது. அப்போது கோபப்பட்ட லட்சக்கணக்கானோர் அந்தக் குழந்தையின் பெயரையே முழக்கமாக்கினார்கள். கோபம் நியாயமானது. ஆனால் நீதி கேட்கக் குழந்தையின் முகம் தேவைப்படவில்லை.

காவல் துறையும் இதில் விதிவிலக்கல்ல. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அதிகாரிகள் தரப்பிலிருந்தே வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அங்கும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு. ஐந்து ஆண்டு இடைவெளியில் அதே தவறு, அதே தொகை.

வேலிப்பருத்தி எழுதியது:

எல்லாம் சரி. பேசாத பிரபலங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2023இல் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகிய மல்யுத்த வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்தார்கள். நாட்டுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் புகார். மே 28 அன்று போலீஸ் அவர்களை இழுத்துச் சென்ற படத்தை உலகமே பார்த்தது. பிறகுதான் 1983 கிரிக்கெட் உலகக் கோப்பை அணியினர் ஓர் அறிக்கை விட்டார்கள். நீரஜ் சோப்ரா போன்ற சிலர் முன்பே பேசினார்கள், அது அவர்களுக்குப் பெருமை. மற்றவர்கள்? அயல்நாட்டுச் சம்பவத்துக்கு உடனே கண்ணீர் வடிப்பவர்களுக்கு உள்நாட்டு அதிகாரம் என்று வந்தால் வாய் அடைத்துவிடுகிறது. அந்த டிசம்பரில் சாக்‌ஷி மாலிக் தன் காலணிகளை மேசைமேல் வைத்து ஓய்வை அறிவித்தபோது எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

கார்த்திகைப்பூ எழுதியது:

வேலிப்பருத்தி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதில்தான் என் அளவுகோலும் இருக்கிறது: பேசியவர் எதை இழக்கத் துணிந்தார்? பாடகி சின்மயி 2018 அக்டோபரில் பேசினார். அடுத்த மாதமே டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். அவருடைய குரல் பல நாயகிகளின் குரலாக இருந்தது. அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் அவரை நேர்காணல்களில் கேட்ட கேள்வி என்ன? "ஏன் அப்போதே சொல்லவில்லை?" புகார் சொன்னவரிடமே கேள்வி கேட்டுப் பழகிவிட்டது நம் ஊடகம்.

இன்னொன்று கேரளம். 2017 பிப்ரவரியில் ஒரு நடிகை ஓடும் காரில் தாக்கப்பட்ட பிறகு, திரைத்துறைப் பெண்கள் சேர்ந்து டபிள்யூசிசி அமைப்பைத் தொடங்கினார்கள். ரேவதி, பார்வதி, ரீமா கல்லிங்கல் போன்றோர் அதில் நின்றார்கள். பலருக்கு வாய்ப்புகள் குறைந்தன. அவர்கள் கேட்டதால், மலையாளத் திரைத்துறைப் பெண்களின் பிரச்சினைகளை ஆராய நீதிபதி ஹேமா குழு அமைந்தது. அறிக்கை 2019 டிசம்பர் 31 அன்று அரசிடம் போனது. வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19. நான்கரை ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது!

வெளியே வந்ததும் தொலைக்காட்சிகள் என்ன செய்தன? கறுப்பு மையிட்ட வரிகளுக்குப் பின்னால் எந்த நடிகர் என்று இரவு பகலாகத் தேடின. அந்த அறிக்கை பக்கம் பக்கமாக வேறொன்றையும் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லை. துணை நடிகைகளுக்குச் சொன்ன கூலி கிடைப்பதில்லை. வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை. இதற்கு எத்தனை விவாதம் நடந்தது?

இரண்டாம்வரிசை எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கழிப்பறை என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் பல படங்களில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருக்கிறேன். நாயகிக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசை.

வெட்டவெளியில் படப்பிடிப்பு என்றால் காலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். மாதவிடாய் நாட்களில் இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடிக்க, நடுவில் ஒருத்தி போய்வருவாள். சிறுநீர்த் தொற்று எங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது. கேரவன் இருக்கும், அது எங்களுக்கு இல்லை. "கேரவனில் இடம் வேண்டுமா?" என்று ஒருவன் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அத்துமீறல் அங்கேதான் தொடங்குகிறது. கழிப்பறை வேறு பிரச்சினை, பாலியல் தொல்லை வேறு பிரச்சினை என்று பிரித்துப் பேசுகிறவர்கள் ஒரு நாள் எங்களோடு வந்து நிற்க வேண்டும்.

பெரிய நடிகை ஒருவர் ஒருமுறை தன் கேரவனை எங்கள் எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்னார். எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கும் அதில் விருப்பம் இருக்காது.

மெய்ப்புத்தாள் எழுதியது:

அக்கா, எழுதியதற்கு நன்றி. இப்படி ஒரு பத்தி கிடைத்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன்.

தென்றல்முனை எழுதியது:

ஒருதலையாகப் போகிறது என்று நினைக்கிறேன். ஊடக விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்படுகிறார். தீர்ப்பு வரும் முன்பே ஒருவரைக் குற்றவாளி என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் வழக்கில் என்ன நடந்தது என்று பார்த்தோம்தானே?

கறுப்பங்கி எழுதியது:

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் எடுத்த உதாரணம் உங்கள் வாதத்துக்கு உதவாது. அங்கே இரண்டு வழக்குகள். டெப்பை மனைவியை அடிப்பவர் என்று எழுதிய பத்திரிகைமீது அவர் லண்டனில் போட்ட வழக்கில், எழுதியது பெருமளவு உண்மை என்று 2020 நவம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். அங்கே நேரலை இல்லை. 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்ட் மீது அவர் போட்ட அவதூறு வழக்கில் ஜூரி பெருமளவு டெப் பக்கம் நின்றது. அங்கே ஆறு வாரம் கேமரா ஓடியது. எந்தத் தீர்ப்பு சரி என்று நான் சொல்ல வரவில்லை. பாலியல் தாக்குதல் பற்றி ஒரு பெண் சாட்சி சொல்வதை உலகமே துண்டு துண்டாக வெட்டி, இசை சேர்த்து, அழுகையைப் போலச் செய்து காட்டிச் சிரித்தது. என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "நீதிமன்றத்தில் என்னையும் இப்படித்தான் செய்வார்களா?" என்று கேட்டார். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. ரகசிய விசாரணை என்று ஒன்று இருப்பதை அவருக்கு விளக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிரபலங்கள் சம்பந்தப்பட்ட வழக்கைப் பார்த்துத்தான் சாதாரணப் பெண்கள் நீதிமன்றம் எப்படி இருக்கும் என்று முடிவு செய்கிறார்கள். இதைச் செய்தியாளர்கள் உணர வேண்டும்.

நெடுவழி எழுதியது:

அப்படியானால் டெய்லர் ஸ்விஃப்டையும் சொல்லுங்கள். தன்னைத் தகாத முறையில் தொட்டதாக அவர் சொன்ன வானொலி அறிவிப்பாளர், வேலை போனதற்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஸ்விஃப்ட் எதிர்வழக்குப் போட்டுக் கேட்டது ஒரே ஒரு டாலர். 2017 ஆகஸ்டில் டென்வரில் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்குத் தடுமாறாமல் பதில் சொன்னார், வென்றார். நீதிமன்றத்தில் ஒரு பெண் நிமிர்ந்து நிற்க முடியும் என்று பார்த்த சிறுமிகள் எத்தனையோ பேர்.

கார்த்திகைப்பூ எழுதியது:

ஏற்கிறேன், முழுமையாக.

மெய்ப்புத்தாள் எழுதியது:

இன்னொரு விஷயம் விடுபட்டுப் போகிறது. ஊடகத்தில் வன்முறை என்றால் இருட்டுச் சந்து, முகம் தெரியாத ஆள், கால்களைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் பெண்ணின் நிழற்படம். இவற்றைத்தான் தேடி எடுத்துப் போடுகிறோம். உண்மை வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கில், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதலிடம் கணவரும் அவருடைய உறவினர்களும் செய்யும் கொடுமைக்குத்தான். பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 100க்கு 14 பேர்.

இதைப் பற்றி எந்த நடிகர் மெழுகுவத்தி ஏந்தினார்? சந்துக்கு எதிராகக் குரல் கொடுத்தால் யாருக்கும் மனம் நோகாது. வீட்டுக்கு எதிராகக் குரல் கொடுத்தால் ரசிகரில் பாதிப் பேருக்கு நோகும். விரும்பாத பெண்ணைப் பின்தொடர்வதை வீரமாகக் காட்டும் காட்சிகளில் நடித்துவிட்டு மகளிர் தினத்தில் வாழ்த்துச் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. பின்தொடர்வது 2013 முதல் இந்நாட்டில் தனிக் குற்றம். அடுத்த படத்தில் அந்தக் காட்சியில் நடிக்க மறுத்தால் போதும், அறிக்கையே வேண்டாம்.

வேலிப்பருத்தி எழுதியது:

கடைசி வரிக்கு நூறு முறை ஆமாம்.

நடிகர் சங்கம் 2024 செப்டம்பரில் போட்ட தீர்மானத்தையும் யாராவது பேசுங்கள். தவறு செய்தவருக்கு ஐந்து ஆண்டு தடை, நல்லது. ஆனால் புகாரை நேரே ஊடகத்திடம் கொண்டு போகாமல் சங்கத்தின் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இது பாதுகாப்பா, வாய்ப்பூட்டா?

கறுப்பங்கி எழுதியது:

குழு இருப்பது நல்லது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் விசாரணை விவரங்களை வெளியிடக்கூடாது என்கிறது. ஆனால் குழு செயல்படாதபோது பத்திரிகைதான் கடைசிக் கதவு. அதை யாரும் தீர்மானம் போட்டு மூட முடியாது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தின் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவருக்காகப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997இல் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன, பிறகு 2013இல் இந்தச் சட்டம். மாதச் சம்பளம் சில நூறு ரூபாய் வாங்கிய ஒரு பெண்ணால் இந்நாட்டின் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் பாதுகாப்பு கிடைத்தது. 1995இல் விசாரணை நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்ததால் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

டபிள்யூசிசி தொடுத்த வழக்கில்தான், படப்பிடிப்புக் குழுவும் பணியிடமே, அங்கே பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு வேண்டும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. பிரபலங்கள் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது இந்த மனுதான். இதற்குப் பெரிய செய்தி வரவில்லை. ஹேமா அறிக்கைக்குப் பிந்தைய பரபரப்பில் பதிவான வழக்குகள் பலவும் 2025இல் கைவிடப்பட்டன, ஏனென்றால் பேசியவர்கள் மேற்கொண்டு வர விரும்பவில்லை. அத்தனை வெளிச்சத்தில் யார் வருவார்கள்? பொள்ளாச்சியில் ரகசிய விசாரணை நடந்தது. சாட்சிகள் ஒருவரும் பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை.

இரண்டாம்வரிசை எழுதியது:

வழக்குரைஞர் ஐயா, ஒரு கேள்வி. எங்களுக்கு ஒரு படம் பத்து நாள், இன்னொன்று மூன்று நாள். படப்பிடிப்பு முடிந்ததும் குழுவே கலைந்துவிடும். நாங்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

கறுப்பங்கி எழுதியது:

ஐயா இல்லை அக்கா, நான் பெண்தான். தயாரிப்பு நிறுவனத்தில் உள்ளகக் குழு இருந்தால், படம் முடிந்த பிறகும் அதனிடம் கொடுக்கலாம். குழு இல்லை என்றாலோ, தயாரிப்பாளர் மீதே புகார் என்றாலோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக உள்ளூர்க் குழுவை அணுகுங்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை ஏற்பார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது குழுவின் கடமை. காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுக்க இது தடை இல்லை. அவசரம் என்றால் 181 எண்ணுக்கு அழையுங்கள். தேதி, இடம், உடன் இருந்தவர்கள் பெயர், யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்பதை இன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள். எனக்குத் தனிமடல் அனுப்பினால் புகாரை நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

இரண்டாம்வரிசை எழுதியது:

அனுப்பிவிட்டேன் அம்மா. எனக்காக மட்டும் இல்லை. எங்களில் மூன்று பேர் இருக்கிறோம்.